பாப்பாத்தி எந்த ஊர்?

டயானாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ‘துருவி’ என்று பெயர். தேங்காய் துருவுகிற துருவி இல்லை. எதை எடுத்தாலும் துருவித் துருவிக் கேட்பாள் என்பதால் கூடப் படித்தவர்கள் வைத்த பெயர். வாத்தியார்களும் மறந்துபோய் ஒன்றிரண்டு முறை அப்படியே கூப்பிட்டிருக்கிறார்கள்.

வடக்கனந்தலில் கரும்பு போடும் சிங்கராயருக்கும், அங்கன்வாடியில் வேலை பார்க்கும் செபஸ்தியம்மாளுக்கும் அவள் ஒரே மகள். சின்ன வயதிலேயே இந்தக் குணம் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் சாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தபோது, மணிக்கயிறு மேலே எதில் போய்க் கட்டியிருக்கிறது என்று பார்க்க நழுவிப் போனாள். கண்ணுக்குத் தெரியவில்லை. இழுத்துப் பார்த்தாள். பிரசங்கம் பாதியில் நின்றது. வாழைப்பழத்துக்குள் இருக்கும் கறுப்புப் புள்ளிகள் விதைதானே, அப்புறம் ஏன் முளைப்பதில்லை என்று கேட்டு, அவற்றை ஊசியால் நோண்டி எடுத்து, உடைந்த குடத்தில் விதைத்து மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் ஊற்றினாள். முளைக்கவில்லை. முளைக்காததில் அவளுக்கு வருத்தம் இல்லை. ஏன் முளைக்கவில்லை என்று அடுத்ததாகக் கேட்க ஆரம்பித்தாள். சிங்கராயர் மகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் “அத உங்க சார கேளு” என்பதையே எல்லாவற்றுக்கும் பதிலாக வைத்துக்கொண்டார்.

கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகிற சாலையில் இருந்த அரசு மேல்நிலைப் பள்ளியில் அவள் பிளஸ் டூ வரை படித்தாள். அவளுடைய வகுப்பு கொரோனாக் காலத்து வகுப்பு. பிளஸ் டூ பாதி நாள் செல்போனில் ஓடியது. தை மாதம் பள்ளியைத் திறந்தார்கள், முகக்கவசத்தோடு போய் உட்கார்ந்தார்கள். செய்முறைத் தேர்வு முடிந்ததும் மறுபடி மூடினார்கள். எழுத்துத் தேர்வு தள்ளிப்போயிற்று, பிறகு இல்லையென்றே ஆயிற்று. எல்லோரும் பாஸ் என்று டிவியில் சொன்னார்கள். ஆண்டு விழா இல்லை, குரூப் போட்டோ இல்லை, வழியனுப்பு விழா இல்லை. வேதியியல் ஆய்வகத்தை விட்டு ஒரு மத்தியானம் வெளியே வந்தார்கள். அதுதான் கடைசி நாள் என்பது யாருக்கும் தெரியாது. நாளைக்குப் பார்க்கலாம் என்றுகூட யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லாமலே பார்ப்பவர்கள்தானே.

அந்த மத்தியானம் டயானாவுக்கு நன்றாக நினைவிருந்தது. தேர்வில் அவளுக்கு வந்த பொருளைச் சோதித்தபோது, சோதனைக் குழாயின் உட்புறம் முழுக்க வெள்ளி படிந்து கண்ணாடிபோல் ஆகிவிட்டது. தன் மூக்கை அதில் பார்த்தாள். வெள்ளி ஏன் குழாயின் சுவரில் மட்டும் போய் ஒட்டுகிறது, நடுவில் ஏன் மிதப்பதில்லை? தேர்வு முடிந்த மறுநொடியே, வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளரைக் கேட்க ஓடினாள். அவர் வண்டியை எடுத்துவிட்டார். வண்டிக்குப் பின்னாலேயே கேட் வரை ஓடி, பாதி பதிலை வாங்கிக்கொண்டு திரும்பினாள். ஆய்வகம் காலியாக இருந்தது.

மதிப்பெண் சான்றிதழை நான்கு நான்கு பேராக வரச்சொல்லிக் கொடுத்தார்கள். அதன்பின் அவள் கள்ளக்குறிச்சியில் ஆய்வக நுட்பப் பட்டயம் படித்தாள். பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்தது. அவளுக்கு ஏற்ற வேலை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் சாப்பாட்டு நேரம் போவது தெரியாது. முடிவை வாங்க வந்தவர்களிடம், “நேத்து இன்னா சாப்டீங்க? தண்ணி எங்க புடிக்கிறீங்க?” என்று ஆரம்பித்துவிடுவாள். நிலையத்தின் முதலாளி லாரன்ஸ், அதெல்லாம் டாக்டர் கேட்கவேண்டிய கேள்வி என்று அவளுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்தவேண்டியிருந்தது.

இப்படி ஐந்து வருஷம் போன பிறகு, ஒரு தை மாதக் காலையில் வேதியியல் ஆசிரியர் அறிவுச்செல்வன் போன் செய்தார். இப்போது பள்ளியின் பொறுப்பும் அவரிடம் இருந்தது. இந்த வருஷப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாசிப் பிறப்பில் வழியனுப்பு விழா வைக்கிறார்கள் என்றும், அதை யோசித்துக்கொண்டிருந்தபோது டயானா வகுப்பின் நினைவு வந்தது என்றும் சொன்னார். “உங்க செட்டுக்கு நாங்க ஒண்ணுமே செய்யலம்மா. இவங்களோட சேர்ந்து உங்களையும் அனுப்பிச்சி வெச்சிடலாம்னு பாக்கறேன். எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா.”

ஐந்து வருஷத்துக்கு முன்னால் போனவர்களை இப்போது எப்படி அனுப்புவது என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை. சரிங்க சார் என்றாள்.

வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினாள். ஒருவர் மூலம் ஒருவராக வந்து சேர்ந்தார்கள். அஜித்குமார் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தான், ஷிப்டு மாற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னான். தேவிப்ரியா கல்யாணமாகி நைனார்பாளையத்தில் இருந்தாள், கைக்குழந்தையோடு வரலாமா என்று கேட்டாள். தமிழரசன் சென்னையில் சட்டம் படித்துக்கொண்டிருந்தான். ஒரு வாரத்துக்குள் கிட்டத்தட்ட எல்லோரும் கிடைத்துவிட்டார்கள். பாப்பாத்தி மட்டும் கிடைக்கவில்லை.

பாப்பாத்தி மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். ஆய்வகத்தில் இரண்டு வருஷமும் டயானாவுக்குப் பக்கத்து இடம் அவளுடையது. ஒல்லியாக, உயரமாக இருப்பாள்; பேச்சு குறைவு. டயானா பேசுகிற பேச்சுக்குப் பக்கத்தில் இன்னொருவர் பேச இடமும் இருக்காது.

அவளுடைய எண் யாரிடமும் இல்லை. ஆனால் அவளைப் பற்றிய சேதி எல்லோரிடமும் இருந்தது. அவள் கேரளாவில் மிளகுத் தோட்டத்துக்குப் போய் அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டாள் என்று ஒருத்தி எழுதினாள். சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக அஜித்குமார் எழுதினான். இரண்டாவது அலையில் அவள் இறந்துபோய்விட்டாள், விடுதிச் சமையல்கார அம்மாதான் சொன்னார்கள் என்று தேவிப்ரியா எழுதினாள். அதற்குக் கீழே நாலைந்து பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். ஒருவன் மெழுகுவத்தி போட்டான்.

டயானா மூன்று சேதிகளையும் மறுபடி படித்தாள். மூன்றும் உண்மையாக இருக்கமுடியாது. மூன்றுமே பொய்யாகவும் இருக்கலாம். பாப்பாத்தியின் ஊர் தெரிந்தால் யாரையாவது கேட்கலாம். ஊர் எது?

யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. அப்பா பெயர் தெரியவில்லை. கூடப் பிறந்தவர்கள் உண்டா, தெரியவில்லை. ‘மேல’ என்பாள் பாப்பாத்தி. லீவுக்கு மேல போறேன், மேலருந்து வந்தேன். அந்த ‘மேல’ எவ்வளவு மேலே, எந்தப் பக்கம் என்று டயானா ஒரு நாளும் கேட்டதில்லை. வாழைப்பழத்தின் கறுப்புப் புள்ளியைக் கேட்டவள், வெள்ளி ஏன் ஒட்டுகிறது என்று வண்டிக்குப் பின்னால் ஓடியவள், பக்கத்தில் நின்ற பெண்ணிடம் உன் ஊர் எது என்று கேட்கவில்லை. இது அவளுக்கே வியப்பாக இருந்தது. ஏன் கேட்கவில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

அறிவுச்செல்வனுக்கும் ஊர் நினைவில்லை. அந்தச் சமையல்கார அம்மாளைக் கண்டுபிடித்துப் போனில் கேட்டாள். அவர் சொன்னது வேறொரு பாப்பாத்தியை; இறந்துபோன அந்தப் பாப்பாத்தி விடுதியில் பாத்திரம் தேய்த்தவர், அறுபது வயதுக்காரர். ஆக, மெழுகுவத்தி அவருக்குப் போகவேண்டியது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், செபஸ்தியம்மாளிடம் சொல்லிவிட்டு வெள்ளிமலை பஸ் ஏறினாள். தனியாக எதற்கு, விலாசம் தெரியாமல் யாரைப் போய்த் தேடுவாய் என்று அம்மா கேட்டாள். போனால் தெரியும் என்றாள் டயானா. மலை அடிவாரம் அவள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் தெரியும் தூரந்தான். ஆனாலும் பள்ளிச் சுற்றுலாவாக ஒரு தடவை நீர்வீழ்ச்சிக்குப் போனதோடு சரி. மேலே மனிதர்கள் இருக்கும் ஊர்களுக்கு அவள் போனதில்லை.

பஸ் வளைந்து வளைந்து ஏறியது. கண்டக்டரிடம் ஆரம்பித்தாள். பாப்பாத்தி என்று ஒரு பெண், தன் வயதுதான், உயரமாக இருப்பாள். அவர் சிரித்தார். ஊருக்கு நாலு பாப்பாத்தி இருக்கிறார்கள், அவருடைய மாமியாரே ஒரு பாப்பாத்திதான். பஸ்ஸில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பாப்பாத்தியைச் சொன்னார்கள். முன் சீட்டில் இருந்தவர், இறங்குகிற இடத்தில் கடுக்காய் விற்கும் ரங்கம்மாளைக் கேட்டால் மலை முழுக்க உள்ளவர்களைச் சொல்லிவிடுவார் என்றார்.

ரங்கம்மாள் சாக்கு விரித்துக் கடுக்காயும் தேன் பாட்டிலும் வைத்திருந்தார். டயானா கேட்டதும் ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார்.

“எந்த பாப்பாத்தி? ஆடு மேய்க்கிற பாப்பாத்தியா, டீச்சர் பாப்பாத்தியா, கரண்டு பாப்பாத்தியா?”

“கீழ விடுதில தங்கிப் படிச்ச பொண்ணுங்க. டீச்சரா இருக்குமோ?”

“டீச்சருக்குப் பேரன் இருக்கான். அப்ப கரண்டுதான். மிக்ஸி ரிப்பேரா?”

மிக்ஸி ரிப்பேர் இல்லை என்று சொல்லி, வழி கேட்டுக்கொண்டு, மரவள்ளிக் காட்டுக்கு நடுவே போன மண்பாதையில் நடந்தாள். கரண்டு பாப்பாத்தி. அந்தப் பெயருக்குள் என்ன இருக்கிறது என்று நடக்க நடக்க ஆவல் கூடிக்கொண்டே போனது.

ஒரு தகரக் கொட்டகை. வாசலில் நாலைந்து பழைய மிக்ஸி, ஒரு சோலார் விளக்கு, வயிறு திறந்த தண்ணீர் மோட்டார். மோட்டாருக்கு முன்னால் சுடிதாரின் மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு ஒரு பெண் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“துருவிதானே?” என்றாள், ஏதோ போன வாரம் பார்த்தவள்போல. “இரு, இந்தச் சுத்து உட்டா எண்ணிக்க தப்பிடும்.”

டயானா நின்றாள். கேள்விகள் தொண்டைவரை வந்து நின்றன. பாப்பாத்தி சுற்றி முடித்து, நுனியை முறுக்கி, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் டயானாவுக்குப் புதிது. பள்ளி மூடியபின் பாப்பாத்தி நிஜமாகவே ஒரு பருவம் கேரளத்துக்கு மிளகு பறிக்கப் போயிருந்தாள், அண்ணன் செல்லமுத்துவோடு. அங்கே தங்கியிருந்த வீட்டில் மோட்டார் ரிப்பேருக்கு வந்தவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்றே பார்த்தாள். இரண்டு நாள் பார்த்தாள். திரும்பி வந்து ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்ந்தாள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். முடித்துவிட்டு மேலேயே கடை போட்டுவிட்டாள். மலையில் மோட்டாருக்குள் சுற்றிய கம்பி எரிந்தால் அதைக் கீழே தூக்கிக்கொண்டு போய்வர ஒரு நாள் ஆகிவிடும், அதனால் வேலைக்குப் பஞ்சமில்லை. சேலம் ஜவுளிக்கடைக்கு அவள் சேலை வாங்கத்தான் போனாள். சேலை பிரித்துப் பார்த்ததை அஜித்குமார் மடித்ததாக நினைத்திருப்பான்.

தான் இறந்துபோன சேதியைக் கேட்டதும் பாப்பாத்தி, யார் யார் வருத்தப்பட்டார்கள் என்று கேட்டாள். டயானா குழுவில் வந்த படங்களைக் காட்டினாள். பாப்பாத்தி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். வீரமணி மெழுகுவத்தி போட்டிருக்கிறான், பள்ளியில் ஒருநாள்கூட அவன் தன்னோடு பேசியதில்லையே என்றாள்.

டயானா வந்த விஷயத்தைச் சொன்னாள். நம் வகுப்புக்கு வழியனுப்பே நடக்கவில்லையே, இப்போது வைக்கிறார்கள், நீயும் வரவேண்டும்.

“நடக்கலியா?” பாப்பாத்தி நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டாள். “எங்களுக்கு ஆயிடுச்சே.”

“எங்களுக்குன்னா?”

“ஹாஸ்டல் பொண்ணுங்களுக்கு. பிராக்டிகல் அன்னிக்கே.”

டயானா அங்கிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பாப்பாத்தி நின்றபடியே சொன்னாள். செய்முறைத் தேர்வு அன்று காலையில் வார்டன் எல்லோரையும் கூப்பிட்டு, போகும்போது பாய், தலையணை, பெட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். முதல் ஊரடங்கின்போது பெட்டியை விடுதியிலேயே வைத்துவிட்டுத்தான் போனார்கள், அதனால் திரும்பி வந்தார்கள்.

“பெட்டி இருந்தா ஆள் வரும். பெட்டி போச்சுன்னா வராது. அது எங்களுக்குத் தெரியும். உங்களுக்குப் பெட்டியே இல்லியே, எப்டி தெரியும்?”

அதனால் விடுதிப் பெண்கள் அன்று தேர்வு எழுதியதே வேறு மாதிரி. ஒருத்தி லைப்ரரிக்குப் போய்ப் படிக்காத புத்தகங்களின் முதுகைத் தடவிவிட்டு வந்தாள். ஒருத்தி மைதானத்தைச் சுற்றி வந்தாள். பாப்பாத்தி ஆய்வகத்தில் நின்றாள்.

“நீ குழாய அப்டியே போட்டுட்டு அந்த சாருக்குப் பின்னால ஓடுன. உன் குழாயையும் என் குழாயையும் நான்தான் கழுவி வெச்சேன். அந்த வெள்ளி போவல. ஆசிட் ஊத்திக் கழுவணும். கழுவ மனசில்லாம கொஞ்ச நேரம் பாத்துக்கினு இருந்தேன். அப்பால கழுவிட்டேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல? இதான் கடைசின்னு.”

“சொன்னா நீ நூறு கேள்வி கேப்ப. ஜீப்பு போயிடும்.”

டயானாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்போது கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க, ஜீப்பில் என்ன நடந்தது என்று கேட்டாள்.

ஜீப்பில் பெட்டிகளுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். பாதி மலை ஏறியதும், ரோட்டோரம் அருவி வருகிற இடத்தில் பூமாலை என்ற பெண் வண்டியை நிறுத்தச் சொன்னாளாம். இறங்கிப்போய் யூனிபார்மோடு தண்ணீருக்கடியில் நின்றுவிட்டாள். எல்லோரும் கத்தினார்கள்: யூனிபார்ம் நனைகிறது. நனைந்தால் என்ன, நாளைக்குப் போடவா போகிறோம் என்றாள் பூமாலை. இனி யூனிபார்மே இல்லை என்பது எல்லோருக்கும் அப்போதுதான் உறைத்தது.

“சித்திரை மாசம், தண்ணி கம்மி. நூலாட்டம் ஊத்திக்கினு இருந்துச்சு. ஒரே நேரத்துல ரெண்டு பேரு நிக்க முடியாது. அதனால ஒருத்தி நனைஞ்சிட்டு வந்தப்பறம் அடுத்தவ. டிரைவர் அண்ணன் ஒண்ணும் சொல்லாம பீடி புடிச்சிக்கினு திரும்பி நின்னுக்கினாரு. கடைசியா நான் நின்னேன். அதான் எங்க விழா.”

டயானா அந்தக் காட்சியைக் கண்முன் கொண்டுவரப் பார்த்தாள். பச்சைப் பாறை, நூல்போலத் தண்ணீர், வரிசையில் நிற்கிற பெண்கள். அதே நேரத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தாள். வீட்டில் கஞ்சி குடித்துவிட்டு எழுத்துத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள், நடக்கவே போகாத தேர்வுக்கு. அவளுக்குப் பொறாமையாக இருந்தது. விழாவுக்கு வருவதைப் பற்றிப் பாப்பாத்தி உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. கரண்டு போனால் வரமாட்டேன் என்றாள். இருட்டுவதற்குள் பஸ் பிடிக்கவேண்டும் என்று டயானாவைக் கிளப்பி, வழியில் சாப்பிட வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு கட்டிக்கொடுத்தாள்.

விழா நாளில் பாப்பாத்தி வந்தாள். சேலத்தில் வாங்கிய சேலையைக் கட்டியிருந்தாள். அவள் கேட்டுக்குள் நுழைந்ததும், மெழுகுவத்தி போட்ட வீரமணி அவளைப் பார்த்து விழித்தான். அவளே போய் நன்றி சொன்னாள்.

ஷாமியானாவுக்கு அடியில் இந்த வருஷப் பிள்ளைகள் முன்னால், பழையவர்கள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். தேவிப்ரியாவின் குழந்தை கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. அறிவுச்செல்வன் பேசினார். பழைய மாணவர்களும் ஒவ்வொருவராகப் பேசினார்கள். நன்றாகப் படிக்கவேண்டும், ஆசிரியர்களை மறக்கக்கூடாது, செல்போனைக் குறைக்கவேண்டும். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். பிள்ளைகள் மரியாதையாகக் கை தட்டினார்கள்.

டயானாவின் முறை வந்தது. அவளும் ஏதோ தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தாள். மைக் முன்னால் நின்றபோது வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்த்தாள். விடுதிப் பெண்கள் ஒரு பக்கமாகச் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள், அவள் படித்த காலத்தில்போலவே. தயார் செய்தது மறந்துபோயிற்று.

“உங்களுக்குப் பக்கத்துல ஒக்காந்திருக்கவங்க வூட்டுக்கு எப்டி போவணும்னு தெரியுமா?” என்று கேட்டாள். “ஊர் பேர் மட்டும் தெரிஞ்சா போதாது. எந்த பஸ்ஸு, எங்க எறங்கணும், எறங்கி எந்தப் பக்கம் நடக்கணும். தெரிஞ்சவங்க கை தூக்குங்க.”

பத்துப் பன்னிரண்டு கைகள் எழுந்தன. அவையும் அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுடையவை.

“அப்ப கேளுங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான். ஒரு பெண் பின்னால் திரும்பினாள். அவ்வளவுதான், பந்தலுக்கடியில் சந்தை கூடிவிட்டது. ஏரிக்கரை தாண்டி, ரைஸ்மில்லுக்கு எதிரே, மாரியம்மன் கோயில் சந்தில் மூன்றாவது, மாட்டாஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்கி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விடுதிப் பெண்களைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம். ஜீப்பு எதுவரை போகும், அப்புறம் எவ்வளவு நடை, வழியில் ஆறு இருக்கிறதா, மழைக்காலத்தில் எப்படி வருவீர்கள்? ஒருத்தி தரையில் குச்சியால் மலையை வரைய ஆரம்பித்தாள். அறிவுச்செல்வன் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அடுத்ததாகப் பேசவிருந்த தமிழரசன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

பழைய வகுப்பும் தப்பவில்லை. இரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் இருந்த அஜித்குமாரும் வீரமணியும், ஒருவன் வீட்டுக் கொல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த கரும்புக் காடு மற்றவன் தாத்தாவுடையது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள். அந்தக் கரும்பை ஒடித்துத் தின்றது யார் என்ற விசாரணை சாப்பாட்டுப் பந்திவரை நடந்தது.

குரூப் போட்டோ எடுத்தார்கள், இரண்டு வகுப்பும் சேர்ந்தே. அதன்பின் கேட்டுக்கு வெளியே எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். யார் முதலில் கிளம்புவது என்று தெரியவில்லை. டயானா ஒரு ஓரமாக நின்று அதைக் கவனித்தாள். சைக்கிளை எடுத்த பையன் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு மறுபடி போட்டான். இரண்டு பெண்கள் நாலு முறை போய்வருகிறேன் சொல்லிக்கொண்டார்கள், நாலு முறையும் நகரவில்லை. போய்விட்ட ஒருவன் சாப்பாட்டு டப்பாவை மறந்து திரும்பி வந்தான். எல்லோரும் கைதட்டி வரவேற்றார்கள். பிரிவது என்றால் ஒரே வீச்சில் நடப்பது என்று டயானா இத்தனை நாள் நினைத்திருந்தாள். இவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக, தவணை முறையில் பிரிந்துகொண்டிருந்தார்கள். பார்க்க அவளுக்கு அலுக்கவில்லை.

வெள்ளிமலை பஸ் தூரத்தில் தெரிந்ததும் அந்தத் தயக்கமெல்லாம் போய்விட்டது. மலைப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாப்பாத்தியும் ஏறினாள். ஜன்னலோரம் இடம் பிடித்துத் தலையை வெளியே நீட்டினாள்.

“ஏய், உங்க வூடு எங்க? நானும் கேட்டதே இல்லியே” என்றாள்.

டயானா சொல்ல ஆரம்பித்தாள். மாதா கோயிலுக்குப் பின்பக்கத் தெரு, பம்பு செட்டைத் தாண்டி… பஸ் நகர்ந்தது. அவளும் கூடவே நடந்தாள், பிறகு கொஞ்சம் ஓடினாள். கடைசியில் சொன்னது பாப்பாத்தி காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

பங்குனியில் செம்புக்கம்பி வாங்கக் கள்ளக்குறிச்சிக்கு வந்த பாப்பாத்தி, திரும்பும் வழியில் வடக்கனந்தலில் இறங்கினாள். மாதா கோயில் வழியாக வரவில்லை. பாதி வழிதான் காதில் விழுந்ததாம். அங்கன்வாடி டீச்சர் வீடு எது என்று கேட்டு, கரும்புக்காட்டு வரப்பு வழியாகச் சேற்றுக்காலோடு வந்து வாசலில் நின்றாள். சிங்கராயர் கயிற்றுக்கட்டிலை எடுத்துப் போட்டார். செபஸ்தியம்மாள் குழம்பைச் சூடு பண்ணப் போனாள். டயானா வேலையிலிருந்து திரும்பும்போது, அவளுடைய அப்பா மோட்டார் ஏன் வெயில் நேரத்தில் மட்டும் நின்றுபோகிறது என்று பாப்பாத்தியைக் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்லச் சொல்ல, அடுத்த கேள்வியும் அவரே கேட்டார்.